அப்பாவுக்கு இலியட் வேண்டும், தமிழில்

வணக்கம். அப்பாவுக்குத் தமிழில் மட்டும்தான் படிக்க வரும். போன வாரம் சாப்பிடும்போது, பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியக் கதையைச் சொன்னேன். மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் பாசறைக்கே கிழவர் பிரியாம் இரவில் போய், கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டு, மகன் உடலைக் கேட்கிறார். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்புறம், “இதை முழுசாப் படிக்கணும்” என்றார்.

24 காண்டங்களும் உள்ள தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா? சுருக்கம் வேண்டாம், அதில் இந்த இடமே நாலு வரியில் முடிந்துவிடும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. இரவல் தந்தாலும் சரி, சிங்கப்பூரில் ஈசூனோ தேக்காவோ எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.