புதுப்பிப்பு: சட்ட, அரசியல் ஆங்கிலச் சொற்கள், இரண்டு மாதம் கழித்து

நுழைவுத் தேர்வுக்காகத் தினமும் 40 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே பாதி பறந்துவிடுகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது நாளைக்கு ஐந்தாறு சொல்தான், ஆனால் அதன் பூர்வீகத்தோடு.

'ஜெரிமாண்டர்' அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட தொகுதி எல்லை வரையறையில் ஒரு தொகுதி, பல்லி உருவம் கொண்ட சாலமாண்டர் பிராணி போல நெளிந்து கிடந்தது. இரண்டு பெயரையும் ஒட்டிக் கேலி செய்தார்கள். தொகுதி எல்லையைக் கட்சிக்குச் சாதகமாக வளைப்பது என்ற பொருள் இனி மறக்குமா?

என்னைக் கவிழ்த்தது 'சாங்ஷன்'. அனுமதி என்றும் பொருள், தண்டனையாக விதிக்கும் தடை என்றும் பொருள்! மாதிரித் தேர்வில் மாற்றிப் போட்டு மதிப்பெண் போயிற்று. 'டேபிள்' இன்னும் மோசம்: தீர்மானத்தை அப்படிச் செய்தால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இவற்றையெல்லாம் முழு வாக்கியமாகத்தான் எழுதி வைக்கிறேன்.

லத்தீனுக்குத் தமிழே கைகொடுக்கிறது. 'ஹேபியஸ் கார்பஸ்' என்றால் விழிப்பேன்; 'ஆட்கொணர்வு மனு' என்றால் விளக்கமே தேவையில்லை.

அப்புறம், விவாதத்துக்குரியது என்றும் இனி விவாதித்துப் பயனில்லாதது என்றும் பொருள்படும் 'மூட்' (moot) மட்டும் இன்னும் குழப்புகிறது.