ஜேர்மனியின் வாய்ப்பு அட்டை: தேயிலைத் தொழிற்சாலை மின்னியலாளருக்கு ஆறு புள்ளிகள் சேருமா?

கேள்வி (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு ஆண்டுகளாக மின்னியலாளராகத் தொடர்ந்து வேலை செய்கிறேன். என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் உண்டு. ஐரோப்பிய மொழித் தர அளவில் (ஏ1 தொடக்கநிலை, சி2 உச்சநிலை) ஆங்கிலத்தில் பி2 தரத்துக்கான பரீட்சையில் சித்தியடைந்துள்ளேன். ஜேர்மன் மொழியில் ஏ1 முடித்திருக்கிறேன். வேலை தேடிச் செல்வதற்காக ஜேர்மனி வழங்கும் 'சான்சென்கார்ட்டே' எனும் வாய்ப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். கொழும்பிலுள்ள முகவர் ஒருவர், அனுபவத்துக்கு 3, வயதுக்கு 2, ஏ1 தரத்துக்கு 1 என, அட்டைக்குக் குறைந்தபட்சம் தேவையான ஆறு புள்ளிகளும் இருப்பதாகக் கூறி முற்பணம் கேட்கிறார். அம்மாவின் நகைகளை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதால், இந்தக் கணக்குச் சரிதானா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பதுளை)

தம்பி, முற்பணம் எதையும் இப்போது கொடுக்க வேண்டாம். அந்தக் கணக்குப் பிழையானது. ஏ1 தரத்துக்குப் புள்ளியே கிடையாது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள இந்த முறையில், ஜேர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 என்பது விண்ணப்பிப்பதற்கான அடிப்படைத் தகுதி மட்டுமே. மொழிக்கான புள்ளிகள் ஜேர்மன் ஏ2 தரத்திலிருந்துதான் தொடங்குகின்றன: ஏ2 எனில் 1, பி1 எனில் 2, பி2 அல்லது அதற்கு மேல் எனில் 3. ஆங்கிலத்துக்கு ஒரு புள்ளி பெற சி1 தரம் வேண்டும். ஆகவே இன்று உங்களிடம் இருப்பவை ஐந்தே புள்ளிகள்.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த ஒரு புள்ளியன்று. புள்ளிகளை எண்ணுவதற்கு முன்பே ஒரு வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது: நீங்கள் பெற்றது குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்த, இலங்கை அரசினால் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சியாக இருக்க வேண்டும், இல்லையேல் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். என்.வி.கியூ. சான்றிதழில் மட்டம் இருக்குமே தவிர, நீங்கள் எத்தனை மாதம் பயின்றீர்கள் என்பது அதிலிருந்து விளங்காது. நீண்ட காலம் பயின்று அதைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள், ஆறு மாதப் பாடநெறியாலோ அனுபவத்தை மதிப்பிட்டதாலோ மட்டும் பெற்றவர்களும் நம் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள். நீங்கள் எப்படிப் பெற்றீர்கள்?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அக்கா. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு படித்தேன். அதன்பின் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் கீழ் இரண்டு ஆண்டுகள் பயிலுனராக இருந்தேன். ஒப்பந்தப் பத்திரம் வீட்டில் இருக்கிறது.

மறுமொழி 1 (பதுளை)

அந்தப் பத்திரத்தைப் பொன்னாகப் பாதுகாத்து வையுங்கள். தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் குறிப்பிடப்பட்ட உறுதிக் கடிதமொன்றை அதிகாரசபையிடமிருந்து பெற்று, ஜேர்மனியில் வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் இசட்.ஏ.பி. எனும் மத்திய அலுவலகத்துக்கு இணையவழியில் நீங்களே விண்ணப்பிக்கலாம்; இதற்கு முகவர் தேவையில்லை. அவர்கள் உறுதிசெய்த பின்னரே மற்றச் செலவுகளைப் பற்றி யோசியுங்கள்.

அனுபவத்துக்கான மூன்று புள்ளிகளைப் பெற, கடைசி ஏழு ஆண்டுகளுக்குள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்ற தொழிலோடு தொடர்புடைய வேலையைச் செய்திருக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் வழக்கமாகத் தரும் இரண்டு வரிச் சேவைக் கடிதம் இதற்குப் போதாது. கொழுந்து வாட்டும் மாடியின் விசிறிகள், உருட்டும் இயந்திரங்களின் மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பலகைகள், ஜெனரேட்டர் என நீங்கள் உண்மையில் பராமரிப்பவற்றைக் குறிப்பிட்டு எழுதித் தரும்படி கேளுங்கள்; ஊழியர் சேமலாப நிதிக் கணக்கின் கூற்றையும் இணைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வெவ்வேறு எழுத்துகளில் இருப்பது நம் மக்களுக்குப் பல தலைமுறைத் துன்பமாக இருக்கிறது, ஆகவே அதையும் இப்போதே சரிபாருங்கள்.

மறுமொழி 2 (ஹட்டன், தற்போது ஜேர்மனியில்)

தம்பி, நானும் இதே அட்டையில் வந்தவன்தான். ஏ2 சித்தியடைந்தால் உங்களுக்கு ஆறு புள்ளிகள் சேரும். வீசாவுக்கு அது போதும், ஆனால் வேலைக்குப் போதாது. ஏ2 தரத்தோடு வந்த எனக்கு, வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் தரும் பாதுகாப்பு அறிவுறுத்தல்களைக்கூடப் பின்தொடர முடியவில்லை. மின்சாரத்தோடு புழங்கும் ஒருவரை அந்த நிலையில் எந்த நிறுவனமும் தனியே விட மாட்டாது. ஏழு மாதங்கள் கழித்து பி1 முடித்த பிறகே ஓரிடத்தில் பரீட்சார்த்த வேலைக்கு அழைத்தார்கள். அட்டையின் காலம் அதிகபட்சம் ஓராண்டுதான் என்பதால், அங்கே கற்றிருக்க வேண்டியதை இங்கே வந்து கற்பதில் பெரும் நாட்களை இழந்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டில் மாதமொன்றுக்கு 1,091 யூரோ வீதம், ஓராண்டுக்கு 13,092 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அது கட்டணமல்ல, உங்கள் சொந்தப் பணம். இங்கு வந்ததும் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்காக உங்களுக்கே விடுவிக்கப்படும். வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை பகுதிநேர வேலை செய்யவும், ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை பரீட்சார்த்தமாக வேலை செய்யவும் அனுமதி உண்டு. ஆயினும் மீற்றர் வட்டிக்கு, அதாவது தனியாரிடம் கடும் வட்டிக்கு, அந்தத் தொகையைத் திரட்டி வருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஓராண்டுக்குள் வேலை அமையாவிட்டால், செலவழிந்த பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டப்போவது தோட்டத்து லயன் வீட்டில் இருக்கும் பெற்றோர்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் பயிற்சி ஜேர்மன் மின்னியலாளர் பயிற்சிக்கு முழுமையாக நிகரானது என அங்கீகரிக்கப்பட்டால், புள்ளிகள் எண்ணப்படாமலேயே இதே அட்டையைப் பெறலாம். பகுதியளவு நிகரானது என்று தீர்ப்பு வந்தால் அதற்கே நான்கு புள்ளிகள் கிடைக்கும். அந்த மதிப்பீட்டுக்குக் காலம் எடுக்கும், இருந்தாலும் நீங்கள் பி1 படிக்கும் மாதங்களிலேயே அதை முடித்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரிடம் இன்று மறுத்துவிட்டேன். நகைகள் வீட்டிலேயே இருக்கும். திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, பயிலுனர் ஒப்பந்தத்தோடு அதிகாரசபை அலுவலகத்துக்குச் செல்கிறேன். ஏ2 வகுப்புக்கு இந்த மாதமே பதிந்துவிடுகிறேன். அக்கா, சேவைக் கடிதத்தை ஆங்கிலத்திலேயே எழுதி வாங்கினால் மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சுமா?

மறுமொழி 1 (பதுளை)

ஆம் தம்பி, ஆங்கிலத்திலேயே வாங்குங்கள். தொழிற்சாலையின் கடிதத் தலைப்பும், கையொப்பமிடுபவரின் பதவியும் தொலைபேசி இலக்கமும் தெளிவாக இருக்கட்டும்.