சர்வசித்து மாசி: எந்த ஆங்கில ஆண்டு?

கேள்வி: எங்கள் 19ஆம் நூற்றாண்டு ஆய்வு வட்டத்தின் சென்னைக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுகிறேன். நூலின் முகப்பில் ‘சர்வசித்து வருடம் மாசி’ என்று மட்டும் இருக்கிறது. 1887 என்று போடலாமா?

பதில் 1: போடாதீங்க, 1888. அறுபதாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டான பிரபவ தொடங்கியது 1867 சித்திரையில். சர்வசித்து 21ஆவது, 1866உடன் கூட்டினால் 1887. ஆனால் மாசி அடுத்த பிப்ரவரி–மார்ச்சில்தானே வரும்! தை முதல் பங்குனி வரை ஒன்று கூட்டணும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

பதில் 2: அறுபதாண்டுச் சுழற்சியில் 1828 மாசியும் சர்வசித்துதான். எது என்று அறிய முகப்பின் அடியில் அச்சிட்டவர் பெயர், ஊர் பாருங்க. 1867 அச்சகம், நூல் பதிவுச் சட்டப்படி அன்று இரண்டும் அச்சிட வேண்டியிருந்தது. அச்சட்டப்படி பதிவான நூல்களின் காலாண்டுப் பட்டியலோடும் ஒப்பிடுங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

பதில் 3: தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் வேறு படி தேடுங்க. உங்கள் படியில் வேறு நூலின் முகப்புத்தாள் மாறிக் கட்டப்பட்டிருக்கலாம். படமெடுக்கையில் முழுசா விரிக்காதீங்க, பழுத்த தாள் முதுகோரம் ஒடியும்.