டம்ளர் தூக்க முடியாத கை

சுவாமிமலை ராவு வேலை:
வலி எப்படி இருக்கும் என்று கைத்தொழில்காரர்கள் பேசிக்கொள்ளும் இந்தக் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வார்ப்பிலிருந்து எடுத்த அம்மன் சிலையை அரம் போட்டு ராவிக்கொண்டிருந்தேன், ஆர்டர் கொடுத்தவர் பார்க்க வந்தார், காபி வந்தது. டம்ளரை எடுத்தேன், முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது, டம்ளர் கீழே. அவர் சிந்திய காபியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, "முகம் யார் செதுக்குவாங்க?" என்று கேட்டார். வலி வரும் போகும், அந்தக் கேள்வி போகவே மாட்டேன் என்கிறது. டென்னிஸ் எல்போ என்றார் டாக்டர். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா?

திருபுவனம் குழித்தறி:
எனக்கு முழங்கை இல்லை, விரல். வலது கைதான் தறியில் ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை இழுக்கிற கை. ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடும், உதறினால் கொஞ்சம் உயிர் வரும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தது, முடிச்சுப் போட எடுத்தேன், பட்டு விரலிடுக்கில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து இருட்டில்கூட முடிச்சுப் போட்ட விரல் இது. மகள்தான் வந்து பிணைத்துக் கொடுத்தாள்.

நாச்சியார்கோயில் கடைசல்:
குத்துவிளக்குத் தண்டு கடைந்து கடைந்து எனக்கும் மோதிரவிரல் மடங்கினால் டக்கென்று சிக்கிக்கொள்ளும், மறுகையால்தான் நிமிர்த்த வேண்டும். ஆனால் எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் இல்லை. இப்போது உடம்பில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூர் வீணைப் பட்டறை:
அண்ணே, தாத்தா காலத்திலும் இருந்தது, வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தடவினார்கள். இத்தாலி மருத்துவர் ராமாசினி 1713-லேயே எழுத்தர்களின் கைவலியைத் தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். தெம்பு இல்லாதவன் கைதான் போகும் என்றால், பலாக்கட்டையில் வீணைக் குடம் குடைகிற எனக்கு ஏன் வந்தது? உளி பிடித்த கை ஒருநாள் கதவுத் தாழ்ப்பாளைத் திருப்ப மறுத்தது.

சுவாமிமலைத் தம்பிக்கு: ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி நன்றாகக் குறையும், அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களைவிடப் போடாமல் பொறுத்திருந்தவர்களே தேறியிருந்தார்கள் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. அங்கே கெட்டுப்போவது மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைநார். முன்கையை மேசைமேல் கவிழ்த்து வை, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மெதுவாக இறக்கு, மேலே தூக்க மட்டும் மற்றக் கையைத் துணைக்கு விடு. தினமும் செய், பலன் தெரிய மாதக்கணக்காகும். அரத்தின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கு, இறுக்கிப் பிடிப்பது குறையும். சிலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள், மணிக்கட்டு வளையாமல் ராவலாம்.

திருபுவனம் அக்காவுக்கு இது பொருந்தாது. அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. சர்க்கரை, தைராய்டு இரண்டும் பாருங்கள், அவை இருந்தாலும் வரும். ராத்திரி மணிக்கட்டு நேராக இருக்கும்படி பட்டை கட்டிப் படுங்கள். கட்டைவிரல் அடிச் சதை வற்றினால் மட்டும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திருபுவனம் குழித்தறி:
சதை வற்ற ஆரம்பித்துவிட்டது, தம்பி. பட்டை கட்டியதில் தூக்கம் வந்தது, விரல் உணர்ச்சி வரவில்லை. ஓய்வு எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள், சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு யார் ஓய்வு தருவது? ஆடியில் முகூர்த்தம் இருக்காது, அப்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், தையல் பிரித்து எத்தனை நாளில் கயிறு இழுக்க முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.