ஹாலுக்கு மஞ்சளா, கரு நீலமா?

பால்மரத்தான்: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) வீடு. ஒற்றை மாடி தேரஸ் (வரிசை வீடு), இரு பக்கமும் வீடுகள் ஒட்டிய நடு வீடு, மேற்கு பார்த்தது. தீபாவளிக்குள் ஹாலுக்குச் சாயம் அடிக்க வேண்டும். அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள், எனக்குக் கரு நீலம். கடையில் நிற அட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மஞ்சள்கட்சி: அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நடு வீட்டுக்கு வெளிச்சமே முன்னாலும் பின்னாலும்தான். கரு நீலம் அடித்தால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். மேற்கு வெயில் வேறு, ஹால் அடுப்பாகிவிடும்.

சாயக்காரர் மகன்: வெளிச்சம் சரி, சூட்டை ஒத்துக்கொள்ள மாட்டேன். வெயில் காய்வது கூரையும் வெளிச்சுவரும். அங்கே கருஞ்சாயம் அடித்தால் சூடு ஏறும். உள்ளே எந்த நிறமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு மணி வெயில் கிரில் வழியாக மஞ்சள் சுவரில் விழட்டும், கண் கூசுகிறதா இல்லையா பாருங்கள்.

மஞ்சள்கட்சி: சரி, சூட்டில் தோற்றேன். ஈரத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டிலும் நீலம் அடித்தோம். ஆறே மாதத்தில் குளியலறையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது, விபூதி பூசிய மாதிரி. வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள்.

சாயக்காரர் மகன்: அதற்கு நீலம் என்ன செய்யும் அண்ணே? மஞ்சளில் உப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாகத் தெரியும். கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, சீலர் என்ற அடிப்பூச்சைப் பூசாமல் எதை அடித்தாலும் உரியத்தான் செய்யும். ஒன்று மட்டும் உங்கள் பக்கம் சொல்கிறேன்: நீலம் பிடிக்காமல் மஞ்சளுக்குத் திரும்பினால் ரெண்டு கோட்டில் மறையாது.

சிப்புட் அக்கா: போதும்லா சண்டை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தபோது எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, தோட்டத்தில் கொடுத்த வெள்ளைச் சுண்ணாம்புதான் எல்லா வீட்டுக்கும். தம்பி, ஒரு பலகையில் இரண்டையும் ரெண்டு கோட் அடித்து சாமி மேடைப் பக்கம் சாய்த்து வை. காலையில், மாலையில், டியூப் லைட்டில் பார். அட்டையை நம்பாதே.

பால்மரத்தான்: மூன்று நாள் பார்த்தாயிற்று அக்கா. டியூப் லைட்டில் மஞ்சள் பச்சை பாய்ந்து, வெளிறிய எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. அம்மாவே முகம் சுளித்தார். நீலமோ இரவில் வெறும் கறுப்பு. மஞ்சள் வெளிச்ச பல்பு மாற்றியதும்தான் மாம்பழம் மாம்பழமானது. ஹாலுக்கு மஞ்சளே 5 லிட்டர் டின் இரண்டு வாங்கிவிட்டோம். என் அறைக்கு நீலம் ஒரு லிட்டர்.

சாயக்காரர் மகன்: ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கே சுமார் 10 சதுர மீட்டர்தான் வரும். அறையை அளந்தீர்களா?

பால்மரத்தான்: இல்லை.