கான்டூர் போட்டுப் பட்ட பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

கண்மை, திருச்சி:

போன வைகாசியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு நானே மேக்கப் போட்டுக்கொள்வதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆன்லைனில் வாங்கிய பெட்டி ஒன்று கைவசம் இருந்தது. திறந்தால் ஆறு பழுப்புக் கட்டிகள். ஒன்று செம்பு, ஒன்று செங்கல், ஒன்று நனைந்த சாம்பல், மற்றவை இவற்றின் பங்காளிகள். எது வெயில் பட்ட நிறம் தரும் பிரான்சர், எது நிழல் காட்டும் கான்டூர் என்று பெட்டியில் எங்கும் எழுதவில்லை. எல்லாம் பழுப்புதானே, எது எங்கே போனால் என்ன என்று துணிந்தேன்.

செம்பு நிறத்தைத் தொட்டுக் கன்ன எலும்புக்குக் கீழே, காதிலிருந்து வாய்க்கோடி வரை ஒரே இழுப்பு. சாம்பல் நிறத்தை நெற்றி ஓரம் முழுக்கப் பூசினேன். படுக்கையறையின் மஞ்சள் பல்பில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தேன். மண்டபத்தின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே போய் நின்றதும் பெரிய அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "என்னடி இது, யாராவது அறைந்தார்களா?"

பதில் சொல்வதற்குள் முந்தானை நுனியைத் தண்ணீர் டம்ளரில் நனைத்து அவரே துடைக்கத் தொடங்கிவிட்டார். கன்னத்தில் கோடு போனது, கூடவே அடியில் முகம் முழுக்கப் பூசியிருந்த ஃபவுண்டேஷனும் போனது. ஆல்பம் வந்தபோது பார்த்தால், நெற்றியில் திருநீறு பூசி அவசரமாக அழித்ததைப் போல ஒரு வெளிறல். நான் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. சாம்பல் கலந்த பழுப்பு என் தோலில் அப்படித்தான் தெரியும் என்று அப்போது தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேக்கப் எதுவும் இல்லாமல் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று கண்ணாடி பார்த்தேன். வெளிச்சம் படாத கன்னத்தில், எலும்புக்கு அடியில் நிழல் எந்த நிறத்தில் விழுகிறது என்று. சிவப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. பால் குறைவாக விட்ட காபியின் நிறம். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்த அன்று நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் கன்ன மேட்டிலும் ஏறியிருந்த நிறம் வேறு. அதில் செம்மை கலந்திருந்தது. அன்றுதான் உறைத்தது. பிரான்சர் வெயிலின் வேலை, மேடான இடத்துக்குப் போக வேண்டும். கான்டூர் நிழலின் வேலை, பள்ளமான இடத்துக்குப் போக வேண்டும். நான் வெயிலைப் பள்ளத்திலும் நிழலை மேட்டிலும் வைத்திருக்கிறேன்.

இப்படி ஏமாந்தவள் நான் ஒருத்திதானா?

பூவரசு:

இல்லை தோழி. நான் தாடை ஓரத்தில் கான்டூர் போட்டுச் சரியாகத் தேய்க்காமல் கல்லூரிக்குக் கிளம்பினேன். வாசலில் என் அண்ணன், "பாரதியார் நாடகமா? தாடி வைத்திருக்கிறாயே" என்றான். பாரதியாருக்குத் தாடி எப்போது, எப்போது இல்லை என்று அவனோடு சண்டை போட்டதில் பஸ்ஸும் போய்விட்டது.

மணப்பந்தல், நாகர்கோவில்:

11 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

பெண் நல்ல கருநிறம், வட்ட முகம், பார்க்கவே களையாக இருந்தாள். ஃபவுண்டேஷன் முடித்துவிட்டு, அடர் பழுப்பு கிரீமைப் புறங்கையில் எடுத்தேன். பின்னால் நின்ற அவள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அம்மா, கருப்பாக்கவா உங்களைக் கூப்பிட்டோம்?" நான் எத்தனை முறை கேட்ட கேள்வி இது! கோபம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. "ஒரு கன்னம் மட்டும் போடுகிறேன், பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிடுகிறேன்" என்றேன். ஒரு பக்கம் போட்டுத் தேய்த்துவிட்டு வீடியோக்காரரிடம் சொல்லி விளக்கைப் போடச் செய்தேன். போட்ட பக்கத்தில் முகம் இருந்தது. போடாத பக்கம் தோசைக்கல்லில் ஊற்றிய மாவைப் போல ஒரே பரப்பாக இருந்தது. அம்மா பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இது ஏன் என்றால், ஃபவுண்டேஷன் முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. அதோடு வீடியோ விளக்கு நேர் எதிரிலிருந்து அடிக்கும்போது இயல்பான நிழலும் விழாது. இரண்டும் சேர்ந்து அழித்ததைத்தான் கான்டூர் திருப்பி எழுதுகிறது. விளக்கும் கனமான ஃபவுண்டேஷனும் இல்லாத அன்றாட முகத்துக்குக் கான்டூர் தேவையே இல்லை என்பது என் கட்சி. என் பிழைப்புக்கு எதிராகவே பேசுகிறேன்.

கண்மை கேட்ட சாம்பல் விவகாரத்துக்கு வருகிறேன். இந்தப் பவுடர்களில் பழுப்பு நிறம் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. வெளிர் நிறத்துக்குக் கொண்டுவர அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை சேர்ப்பார்கள். வெள்ளைத் தோலுக்காகச் செய்த கான்டூரில் அந்த வெள்ளையும் கறுப்பும் கூடுதல், சிவப்பு குறைவு. அவர்கள் தோலில் அது நிழல். நம் தோலில் நீறு. நமக்கு வேண்டியது சிவப்பு அதிகம் தூக்காத, அதே சமயம் சாம்பல் அடிக்காத அடர் காபி நிறம். தோலைவிட இரண்டு, மூன்று படி ஆழமான ஃபவுண்டேஷனே போதும். கான்டூர் என்று பெயர் ஒட்டிய டப்பா வேண்டாம். பிரான்சருக்கு ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி ஆழம், செம்பும் செங்கல்லும் கலந்த நிறம்.

இன்னொன்று: கிரீம் ஈரமாக இருக்கும்போதே பவுடர் பிரஷை அதன்மேல் இழுத்தால் திட்டு விழும், பிறகு எடுக்கவே முடியாது. கிரீமைக் கிரீமின் மேல் போட்டு ஸ்பாஞ்சால் ஒற்றி முடியுங்கள். அதற்குப் பிறகுதான் பவுடர். விடியற்கால முகூர்த்தத்துக்கு ஹோமப் புகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கு நான் கிரீமைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். வியர்வை முதலில் இறக்குவது கன்னத்துக் கிரீமைத்தான்.

குளிர்காலக் குயில், டொராண்டோ:

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை அம்மம்மா வெயிலில் விளையாட விட்டதில்லை, கறுத்துவிடுவேனாம். இங்கே வந்தால் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண்கள் வெயிலில் இருந்து வந்த முகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறார்கள். அம்மம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

நானும் ஒரு பிரான்சர் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே ஆழமான நிறத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பூசிவிட்டுப் பூசிய இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர்களின் கடைசி நிறம் என் முகத்தின் நிறம்! இது 2015 வாக்கில் நடந்தது. 1984இல் கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனம் கொண்டுவந்த டெரகோட்டா என்ற பவுடரிலிருந்தே பிரான்சருக்குப் பெரிய சந்தை இருக்கிறது, ஆனால் அந்தச் சந்தை யாரை மனத்தில் வைத்து நடந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற நிறுவனம் 40 நிற ஃபவுண்டேஷனோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் ஆழமான சில நிறங்களைச் சேர்த்தன. இப்போது செம்பு கலந்த ஆழமான பிரான்சர் ஒன்று வைத்திருக்கிறேன்.

"கறுப்பு நிறக்காரிக்குப் பிரான்சர் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: ஜனவரியில் இங்கே வந்து என் முகத்தைப் பாருங்கள். நிறம் வெளுப்பதில்லை, ஒளி போய்விடுகிறது. பழைய வெண்கலப் பாத்திரம் புளி போட்டுத் தேய்க்காமல் கிடப்பதைப் போல இருக்கும். நெற்றி மயிரோரத்திலும் கன்ன மேட்டிலும் கொஞ்சம் செம்பைத் தொட்டுவிட்டால் ஊரில் இருந்த முகம் திரும்பி வருகிறது.

கூத்துக்காரர் மகன்:

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் அப்பா நாடகக் கம்பெனியில் கிழவர் வேடம் கட்டியவர். முப்பது வயதில் எழுபது வயது முகம். முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூசுவார்கள், பிற்பாடு பேன்கேக் என்ற முகப்பூச்சுக் கட்டி வந்தது. ஹாலிவுட்டில் கலர்ப் படங்களுக்காக 1930களின் இறுதியில் மாக்ஸ் ஃபாக்டர் உண்டாக்கிய சரக்கு அது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு அது "வட்ட டப்பா".

பசித்த கிழவர் என்றால் கன்னத்தை உள்ளே இழுத்து உறிஞ்சிக்கொண்டு, பள்ளம் விழுந்த இடத்தில் விரலால் அடர் நிறத்தை வைப்பார். பிறகு கன்னத்தை விட்டுவிட்டு விளிம்பை மட்டும் தட்டித் தட்டி மறைப்பார், நடுவைத் தொடமாட்டார். நீங்கள் சொல்லும் கான்டூர் இதுதானே? வித்தியாசம், அவர் முகம் கடைசி வரிசைக்காரனுக்குத் தெரிய வேண்டும். ஒருமுறை வேடத்தோடு வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை அலறிவிட்டது. பத்தடி தூரத்துக்குப் போட்டதைப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்க்கக் கூடாது. இணையத்தில் வரும் வீடியோக்களில் முகமெல்லாம் பட்டை பட்டையாகப் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா நினைவுக்கு வருகிறார்.

சின்னமூக்கி:

என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று ஆறு மாதம் தினமும் மூக்கின் இரு பக்கமும் கோடு போட்டேன். முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுத்தால், கேமராவுக்குக் கிட்டே இருக்கும் மூக்கு பெரிதாகத்தான் விழும் என்று என் தம்பி சொன்னான். போனை அவனிடம் கொடுத்து ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி எடுத்தேன். மூக்கு அதன் அளவில் இருந்தது. ஆறு மாதக் கான்டூர் வீண்.

கண்மை, திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. கூத்துக்காரர் மகனின் அப்பா செய்ததையே செய்து பார்த்தேன், கன்னத்தை உறிஞ்சிக்கொண்டு. ஒரு திருத்தம் மட்டும்: வாய்க்கோடி வரை இழுக்கவில்லை, காதருகில் தொடங்கிக் கருவிழிக்கு நேராக வரும் இடத்திலேயே நிறுத்திவிட்டேன். மணப்பந்தல் அக்கா சொன்ன ஆழமான ஃபவுண்டேஷன், பட்டாணி அளவுகூட இல்லை. மஞ்சள் பல்பை நம்பாமல் பால்கனிக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போய்ப் பார்த்துத் தேய்த்தேன். செம்புக் கட்டியைக் கன்ன மேட்டில் வைத்தேன், இப்போது அது சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

போன வாரம் ஒரு வளைகாப்பு. அதே பெரிய அத்தை. அதே போலத் தாடையைப் பிடித்துத் திருப்பினார். எனக்கு அடிவயிறு கலங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய், அவன் வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா?" என்று என் மாமியார் காதில் விழும்படி கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது.

பெட்டியில் அந்தச் சாம்பல் கட்டி மட்டும் தொட்டது தொட்டபடி இருக்கிறது. வெளிர் நிறத் தோழி யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பிவிடுகிறேன்.