வீட்டில் மாவு அரைக்க எந்த மில் வாங்குவது? கோதுமை, கேழ்வரகு, கம்பு மூன்றுக்கும் ஒன்றே போதுமா?

கேட்பவர் (சேலம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதத்துக்குக் கோதுமை 10 கிலோ, கேழ்வரகு 4 கிலோ, கம்பு 2 கிலோ அளவில் மாவாகச் செலவாகிறது. அவ்வப்போது சத்துமாவும் இடியாப்ப மாவும் அரைக்க வேண்டியிருக்கும். இத்தனை நாளும் தெருமுனையில் இருந்த மாவு மில்லில் அரைத்து வந்தோம். அதை மூடிவிட்டார்கள். அடுத்த மில்லுக்குப் பேருந்து ஏறித்தான் போக வேண்டும் என்பதோடு, நமக்கு முன்னால் அரைத்தவருடைய மாவும் நம்முடைய பாத்திரத்தில் சேர்ந்து விழுகிறது. ஆகவே வீட்டுக்கே ஓர் இயந்திரம் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம்.

கடையில் கல் வைத்தது ஒன்றும், கல் இல்லாமல் எஃகுத் தகடு சுழல்வது ஒன்றும் காட்டினார்கள். இரண்டாவது வகை என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அதில் அரைத்த கோதுமை மாவில் சப்பாத்தி சுட்டால், ஆறிய பிறகு வறண்டு விறைத்துப் போகிறது. மில்லில் அரைத்த மாவில் அப்படி ஆவதில்லை. குறை இயந்திரத்திலா, கோதுமையிலா என்று தெரியாமல் பணத்தைப் போடத் தயக்கமாக இருக்கிறது. கம்பு மாவு ஒரு வாரத்துக்குள் கசந்துவிடுவது இன்னொரு தொல்லை. வீட்டிலேயே அரைத்தால் அது தீருமா? மிளகாய்த்தூளையும் இடியாப்பத்துக்கு ஊறவைத்த அரிசியையும் இதே இயந்திரத்தில் அரைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

மில்லுக்காரர் (ஈரோடு):

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பத் தொழிலே மாவு மில்தான் என்பதால், உங்கள் நாத்தனார் வீட்டுச் சப்பாத்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

கல் மில்லில் தானியம் இரண்டு கற்களுக்கு நடுவே அகப்பட்டுத் தேய்ந்து அரைபடுகிறது. அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் கோதுமையில் உள்ள மாவுச்சத்து மணிகளில் ஒரு பகுதி நசுங்கி விரிசல் விடுகிறது. விரிசல் விட்ட மணி, முழு மணியைவிடப் பல மடங்கு தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கல்லில் அரைத்த மாவு பிசையும்போது அதிகத் தண்ணீர் கேட்கிறது. சப்பாத்தியும் ஆறிய பிறகு மென்மையாக இருக்கிறது. நீங்கள் கடையில் பார்த்த இரண்டாவது வகையில், வேகமாகச் சுழலும் எஃகுத் தகடுகள் தானியத்தை அடித்து நொறுக்குகின்றன. நொறுங்கியது சுற்றிலும் உள்ள சல்லடையின் துளை வழியாகக் கீழே விழுகிறது. இதில் மணிகள் அவ்வளவாக நசுங்குவதில்லை. ஆகவே மாவு குறைவான தண்ணீரையே ஏற்கும், தவிட்டுத் துணுக்குகளும் சற்றுப் பெரிதாக நிற்கும். அதைப் பிசைந்து உடனே சுட்டால் நீங்கள் சொல்வது போலத்தான் ஆகும்.

இது இயந்திரத்தின் பழுது அல்ல. கோதுமைக்கென்று கொடுத்திருக்கும் மெல்லிய சல்லடையை மாட்டச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரமாவது மூடி வைக்கச் சொல்லுங்கள். தவிடு ஊறுவதற்கு அந்த நேரம் வேண்டும். கோதுமையையும் கவனிக்க வேண்டும். ரவைக்கென்று விற்கும் சம்பா கோதுமையில் மெல்லிய சப்பாத்தியை எதிர்பார்க்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்து ஷர்பதி போன்ற கோதுமையை வாங்கி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு எது என்று கேட்டால், நான் எஃகுத் தகடு வகையையே சொல்வேன். கல் மாவுதான் சப்பாத்திக்குச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கல் தேயும், வழவழப்பாகும். அதைக் கொத்த வேண்டும். கொத்திய பிறகு கல்துகள் போகும்வரை முதலில் அரைக்கும் மாவை ஒதுக்க வேண்டும். மில்லில் இதற்கு ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தச் சிறிய கல்லைக் கொத்திக் கொடுப்பவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. அதோடு, உங்களுக்குப் பலவகைத் தானியம் அரைபட வேண்டும். சல்லடையை மாற்றினால் வேலை முடிந்தது என்பது எஃகுத் தகடு வகையில் பெரிய வசதி. கோதுமை மட்டுமே அரைக்கும் குடும்பமாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மாதம் நான்கைந்து கிலோவுக்குள்தான் செலவு என்பவர்கள் எதையுமே வாங்க வேண்டாம். நல்ல மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம்.

மோட்டார் மெக்கானிக் (கோவை):

பழுதுபார்க்க வரும் வீட்டு மில்களைப் பார்த்த அளவில் சில விவரங்களைச் சொல்கிறேன்.

இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் 1 குதிரைத்திறன் மோட்டாருடன் வருகின்றன. 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சல்லடையில் கோதுமை ஒரு மணி நேரத்துக்கு 6 முதல் 8 கிலோ வரை இறங்கும். உங்கள் 16 கிலோவுக்கு மாதம் 3 யூனிட் ஆகலாம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது இணைப்பைப் பற்றித்தான். சுவரில் உள்ள சிறிய 5 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் கொடுக்கும் பெரிய பவர் பிளக் வேண்டும், அதில் எர்த் சரியாக இருக்க வேண்டும். உள்ளே இரும்பும் எஃகுமாக உள்ள இயந்திரம் என்பதால் எர்த்தை மட்டும் யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் பகுதியாக இருந்தால் காலையில் அரைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கெப்பாசிட்டரும் பிறகு சுருளும் போய்விடும்.

இன்னொரு காரணத்தாலும் அதே உறுமல் வரும். அரைக்கும் அறைக்குள் தானியம் கிடக்கும்போது இயந்திரத்தைப் போட்டால் மோட்டார் சுமையோடு கிளம்ப முடியாமல் திணறும். முதலில் வெறுமனே ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகே தானியக் கதவைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தானியக் கதவை மூடி, உள்ளே இருப்பது அரைபட்டு முடிந்த பிறகு அணைக்க வேண்டும். சில மாடல்களில் இது தானாகவே நடக்கும். கையால் செய்வதும் கடினமில்லை, ஆனால் வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வாங்கும்போது மோட்டார் சுருள் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். சுமை மிகுந்தால் தானாக நிற்கும் சுவிட்சும், அரைக்கும் அறையின் கதவைத் திறந்தால் மோட்டார் ஓடாதபடி தடுக்கும் சுவிட்சும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவது கட்டாயம் வேண்டும். சல்லடைகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் கொடுக்கிறது; ஒருவருடைய 2-ஆம் எண்ணும் இன்னொருவருடைய 2-ஆம் எண்ணும் ஒன்றல்ல. துளை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த இயந்திரங்களில் பல குஜராத்தின் ராஜ்கோட் பகுதியிலிருந்து வருகின்றன. சல்லடை கிழிந்தாலோ தகடு தேய்ந்தாலோ மாற்றுப் பொருள் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்பதை விலை பேசுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற எந்தச் சிறப்பைவிடவும் நான் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

உணவியல் ஆசிரியை (திருநெல்வேலி):

கம்பு மாவு கசப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இயந்திரத்தை மாற்றினால் மட்டும் அது தீராது.

கம்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. கேழ்வரகில் ஒன்றரை விழுக்காட்டைச் சுற்றித்தான். முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. அரைத்தவுடன் இரண்டும் கலந்துவிடுகின்றன, காற்றும் சேர்கிறது. சில நாட்களிலேயே கசப்பும் வாடையும் தோன்றிவிடும். எந்த மில்லில் அரைத்தாலும் இது நடக்கும். வீட்டு இயந்திரத்தின் உண்மையான பயன், வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்ளலாம் என்பதுதான். 2 கிலோவையும் ஒரே நாளில் அரைக்காமல் வாரம் அரை கிலோவாக அரைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில நாள் தாங்க வேண்டுமானால், அரைப்பதற்கு முன் கம்பைக் கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே வடித்து, நன்றாக உலர்த்தி அரைக்கலாம்; அந்தச் சூட்டில் நொதி பெருமளவு செயலிழக்கும்.

எந்த மாவானாலும் அரைத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள். துணியில் பரப்பி ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். இல்லையென்றால் ஆவி நீராகிக் கட்டி பிடிக்கும், பூஞ்சையும் வரும்.

சிறுதானியம் வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சாமை, வரகு, குதிரைவாலி போன்றவற்றை உமி நீக்கி அரிசியாக வாங்கினால்தான் வீட்டில் அரைக்க முடியும். இந்த இயந்திரம் உமியை நீக்காது. உமியையும் சேர்த்தே அரைத்துவிடும்.

குழந்தையின் தாய் (மதுரை):

அக்கா, உங்கள் வீட்டில் யாருக்காவது கோதுமை ஆகாது என்றால் இதைக் கட்டாயம் படியுங்கள். இல்லையென்றாலும், இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு சீலியாக் நோய் இருக்கிறது; கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய் அது. குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது வரம்பு. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே வரம்பைத் தொட்டுவிடுகிறது. கால் கிராம் என்பது சல்லடை இடுக்கில் ஒட்டியிருக்கும் தூசுதான். எனவே இந்த நோய் உள்ள வீட்டில், துடைத்துவிட்டு அரைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த இயந்திரத்தில் கோதுமை ஒருமுறைகூட விழக் கூடாது, பழைய இயந்திரத்தை வாங்கவும் கூடாது. தானியத்தையும் சில்லறையில் வாங்கினால் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட்டு, கழுவிக் காயவைத்தே அரைக்கிறேன்.

கேட்பவர் (சேலம்):

அனைவருக்கும் மிக்க நன்றி. நல்லவேளையாக எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை. நாத்தனாரிடம் கேட்டேன், ரவைக்குக் கொடுத்த சல்லடையையே எல்லாவற்றுக்கும் மாட்டியிருக்கிறார். மாற்றி அரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுச் சுட்டதில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது என்கிறார். எஃகுத் தகடு வகையையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். மிளகாயும் ஊறவைத்த அரிசியும் மட்டும் பாக்கி. ஐயா, அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

மில்லுக்காரர் (ஈரோடு):

சொல்கிறேன் அம்மா. மிளகாயையும் மாவையும் ஒரே இயந்திரத்தில் அரைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மில்லில் மிளகாய், மல்லிக்குத் தனி இயந்திரமும் சீயக்காய்க்குத் தனி இயந்திரமும் வைத்திருப்பது காரணத்தோடுதான். மசாலாவுக்கென்று தனிச் சல்லடை கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் மிளகாயின் நெடியும் எண்ணெய்ப் பசையும் சல்லடையோடு நிற்பதில்லை, அரைக்கும் அறையின் மூலைமுடுக்கிலும் மாவு விழும் பையிலும் ஏறிவிடும். அடுத்து அரைக்கும் சத்துமாவு குழந்தைக்குப் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மிளகாய்த்தூளை வருடத்துக்கு ஓரிரு முறைதான் அரைக்கிறோம். அதற்கு மட்டும் மில்லுக்குப் போய்விடுங்கள். நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துகளையும் போடக் கூடாது. துளைகள் பசையாக அடைத்துக்கொள்ளும்.

ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பது நம் வழக்கம். மில்லின் பெரிய இயந்திரம் அதைத் தாங்கும். வீட்டு இயந்திரம் தாங்காது. ஈரமாவு சல்லடையில் அப்பிக்கொண்டு அறை நிறைந்துவிடும், மோட்டாரும் சூடேறி நிற்கும். ஆகவே அரிசியைக் கழுவி, வெயிலில் முழுவதும் காயவைத்து அரைத்து, சலித்து, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ வைத்துக்கொள்ளுங்கள். பிழியும்போது நன்றாகக் கொதித்த நீரை ஊற்றிப் பிசைந்தால் இடியாப்பம் குறையில்லாமல் வரும். கழுவிக் காயவைத்த கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் இதே விதிதான். ஒரு மணியைக் கடித்தால் அமுங்காமல் கடுக்கென்று உடைய வேண்டும். உடையவில்லை என்றால் இன்னொரு வெயில் காட்டுங்கள்.

கல் பொறுக்காமல் எதையும் கொட்டாதீர்கள். கேழ்வரகில் வரும் குறுமண்ணும் கோதுமையில் வரும் சிறுகல்லும்தான் சல்லடையைக் கிழிப்பவை. ஒவ்வொரு முறை அரைத்த பிறகும் கதவைத் திறந்து, கொடுத்திருக்கும் தூரிகையால் அறையையும் சல்லடையின் இரு பக்கங்களையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பையை உதறிக் காயப்போடுங்கள். மிஞ்சிய மாவில் வண்டு முட்டையிட்டுவிட்டால், அடுத்த முறை அது நேராக உங்கள் டப்பாவுக்கு வந்து சேரும். அறைக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.

கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கேழ்வரகு அரை கிலோ எடுத்துப் போங்கள். கடைக்காரர் பெரும்பாலும் கோதுமையைத்தான் அரைத்துக் காட்டுவார். எல்லா இயந்திரமும் அதை எளிதாக அரைத்துவிடும். கேழ்வரகு சிறிய மணி, தோலும் கடினம். அதை மெல்லிய சல்லடையில் போட்டு, விழும் மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் வேறு மாடல் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் விலை குறைந்த அரிசியோ கோதுமையோ ஒரு கிலோ அரைத்து, அந்த மாவைச் சமைக்காமல் ஒதுக்கிவிடுங்கள். புதிய இயந்திரத்தின் எண்ணெயும் உலோகத்தூளும் அதோடு போய்விடும்.